ஐயோனியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்க இலக்கியத்தில் வரும் யவனர் என்ற சொல்லின் பிறப்பை விளக்கும்போதெல்லாம் ஐயோனியர் என்ற பழைய கிரேக்க இனக்குழுவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பேசி முடித்ததும் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும், சற்றுச் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பே விளக்கியதைத் திரும்பச் சொல்லாமல், அந்த இடத்தை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

ஐயோனியர் என்பவர்கள் கிரேக்கர்கள்தானா, இல்லை வேறு இனமா?

கிரேக்கர்கள்தான். பழங்காலக் கிரேக்கர்கள் தங்களை ஒரே மக்களாகக் கருதிய அதே வேளையில், ஐயோனியர், டோரியர், ஏயோலியர், அக்கேயர் என்று தங்களுக்குள் பெரும் பிரிவுகளையும் கண்டார்கள். ஏதென்ஸ் ஐயோனிய நகரம், ஸ்பார்ட்டா டோரிய நகரம் என்று சொன்னால் நம்மில் பலருக்கு உடனே பிடிபடும். பேச்சு, திருவிழா, மாதப் பெயர்கள், குலப் பிரிவுகள் ஆகியவற்றில் இப்பிரிவினர் ஒருவருக்கொருவர் வேறுபட்டார்கள். கடவுளரும் காவியமும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன.

தமிழில் இப்பெயரை அயோனியர், இயோனியர் என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே மக்களையே குறிக்கும்.

‘பழங்குடி’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியா?

அந்தச் சொல் தவறான படத்தைத் தந்துவிடும் என்பது என் கருத்து. காட்டிலோ மலையிலோ தனித்து வாழ்ந்த சிறு கூட்டம் அல்லர் ஐயோனியர். நூற்றாண்டுக் கணக்கில் துறைமுக நகரங்களில் வாழ்ந்த, பல இலட்சம் பேரைக் கொண்ட பெரும் பிரிவினர். இனக்குழு என்பது பொருந்தும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐயோனிய நகரம் ஒன்றுக்குள் குடிமக்கள் ‘ஃபூலே’ என்ற பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தார்கள். அதைக் குலம் எனலாம். கெலியோந்தெஸ், ஹோப்லெதெஸ், அர்காதெய்ஸ், ஐகிகொரெய்ஸ் என்பன ஐயோனியருக்கு உரிய பழைய நான்கு குலங்கள். ஏதென்ஸிலும் இந்நான்கே இருந்தன, கி.மு. 508-இல் கிளெய்ஸ்தெனெஸ் என்பவர் அரசியல் அமைப்பைத் திருத்தியபோது அவற்றின் இடத்தில் 10 புதிய குலங்களை ஏற்படுத்தினார். ஆகவே ஆங்கில நூல்களில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டையும், பெரிய இனக்குழுவையும் நகரத்துக்குள் இருந்த குலத்தையும், தமிழில் பிரித்தே எழுத வேண்டும்.

வரைபடத்தில் இவர்களை எங்கே தேடுவது?

ஏஜியன் கடலின் இரு கரைகளிலும் தேட வேண்டும். மேற்கே ஏதென்ஸும் அதைச் சூழ்ந்த அட்டிகா நிலமும், யூபியா தீவின் கால்கிஸ், எரெட்ரியா நகரங்களும். நடுக்கடலில் நக்ஸோஸ், பாரோஸ், டெலோஸ் முதலிய தீவுகளும். கிழக்கே, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையும் அதை ஒட்டிய இரண்டு தீவுகளும் ஐயோனியருக்கு உரியவை. ‘ஐயோனியா’ என்ற நிலப்பெயர் பெரும்பாலும் இந்தக் கிழக்குக் கரைக்கே வழங்கியது.

அங்கே 12 நகரங்கள் இருந்தன: மிலேட்டஸ், மியூஸ், பிரியேனே, எபேசஸ், கொலொபோன், லெபெதோஸ், தியோஸ், கிளாசோமெனாய், போக்கையா, எரித்ராய், தீவுகளான சாமோஸ், கியோஸ். விவிலியம் படித்தவர்களுக்கு எபேசு, சிமிர்னா என்ற பெயர்கள் பழக்கமானவை. சிமிர்னா தொடக்கத்தில் ஏயோலியர் நகரம். கொலொபோனிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அவ்வூரார் அடைக்கலம் தந்தார்கள். ஊர் மக்கள் மதிலுக்கு வெளியே டயோனிசஸ் விழாக் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், அடைக்கலம் பெற்றவர்கள் கதவுகளை அடைத்து ஊரையே கைப்பற்றிக்கொண்டார்கள் என்கிறார் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

ஐயோனியக் கடல் கிரேக்கத்துக்கு மேற்கே அல்லவா இருக்கிறது?

ஆம். அந்தக் கடலுக்கும் இந்த மக்களுக்கும் தொடர்பில்லை. கிரேக்க மொழியில் இரண்டு பெயர்களும் வெவ்வேறு எழுத்தால் எழுதப்படுகின்றன. கடலின் பெயரில் ஒகரம் குறில், மக்களின் பெயரில் ஓகாரம் நெடில். நம் எழுத்துபெயர்ப்பில் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதால் இந்த ஐயம் ஏற்படுகிறது. கடலின் பெயரைப் பழங்காலக் கிரேக்கர்கள் பசு வடிவெடுத்து அலைந்த ‘இயோ’ என்ற பெண்ணின் கதையோடு சேர்த்தார்கள்.

அவர்களுக்கு முன்னோன் என்று ஒருவர் உண்டா?

கதையில் உண்டு. ஹெல்லென் என்பவனுக்கு டோரஸ், ஏயோலஸ், க்சூத்தோஸ் என மூன்று மக்கள். முதல் இருவரிடமிருந்து டோரியரும் ஏயோலியரும் தோன்றினார்கள்; க்சூத்தோஸின் மக்களான அயோன், அக்கேயஸ் என்பவர்களிடமிருந்து ஐயோனியரும் அக்கேயரும் தோன்றினார்கள் என்பது மரபு. அயோனின் தாய் ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள் கிரேயூசா. யூரிப்பிடீஸ் எழுதிய நாடகத்தில் அயோனின் உண்மைத் தந்தை அப்பல்லோ கடவுளே என்று வருகிறது. ஏதென்ஸ் ஐயோனியரின் தாய்நகரம் என்று காட்டும் நோக்கத்துக்கு அந்த மாற்றம் நன்றாகவே பயன்பட்டது.

இனப்பெயரிலிருந்து முன்னோன் ஒருவனைப் படைத்துக்கொள்வது கிரேக்கர்களின் வழக்கம். மக்களின் பெயர் முந்தியது, முன்னோன் பிந்தியவன் என்று கொள்வதே பொருத்தம். கிரேத்தா தீவின் நோசஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகளில், இன்றைக்கு 3,200 ஆண்டுகளுக்கும் முற்பட்ட எழுத்தில், ‘இ-ய-வொ-னெ’ என்ற சொல் இருக்கிறது. நடுவில் உள்ள அந்த வகர ஒலியை நினைவில் வைத்திருங்கள். யவனர் பற்றிய கேள்வியில் அது மீண்டும் வரும்.

எப்போது கடல் கடந்து ஆசியாவுக்குப் போனார்கள்?

வெண்கலக் காலக் கிரேக்கர்களான மைசீனியரின் அரண்மனைகள் கி.மு. 1200-ஐ ஒட்டி வீழ்ந்த பிறகு, கி.மு. 11, 10-ஆம் நூற்றாண்டுகளில் மக்கள் கிழக்கே நகர்ந்தார்கள் என்பதை அகழாய்வில் கிடைக்கும் மட்கலங்கள் காட்டுகின்றன. ஏதென்ஸ் அரசன் கொட்ரஸின் மகன் நெலியஸ் மிலேட்டஸையும், இன்னொரு மகன் அண்ட்ரோக்ளஸ் எபேசஸையும் நிறுவினார்கள் என்பது மரபுக் கதை. மீனும் காட்டுப்பன்றியும் காட்டும் இடத்தில் ஊரமைக்கும்படி எபேசஸ்காரர்களுக்குக் குறி சொல்லப்பட்டிருந்ததாம். கரையில் மீனவர்கள் மீன் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மீன் தணலோடு துள்ளிப் புதரில் விழ, புதர் பற்றியெரிய, உள்ளே படுத்திருந்த பன்றி வெருண்டு ஓட, அது கொல்லப்பட்ட இடத்தில் கோயில் எழுந்தது என்கிறது கதை.

ஆனால் அவர்கள் போய் இறங்கிய இடம் ஆளில்லா வெற்று நிலம் அன்று. மிலேட்டஸில் அதற்கு முன்பே மைசீனியர் வாழ்ந்தார்கள். அப்போது இன்றைய துருக்கியின் உட்பகுதியை ஆண்ட இட்டைட்டு அரசின் ஆவணங்களில் அந்த ஊர் மில்லவண்டா என்று குறிக்கப்படுகிறது. சுற்றிலும் காரியர், லிதியர் என்ற உள்நாட்டு மக்கள் இருந்தார்கள்.

ஐயோனியப் பெண்களும் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்களாமே? நம் பாட்டிமார் போலவா?

வழக்கம் ஒன்றுபோல் தெரிந்தாலும் காரணம் முற்றிலும் வேறு. மிலேட்டஸில் குடியேறிய ஆண்கள் தங்களோடு பெண்களை அழைத்து வரவில்லை. காரிய ஆண்களைக் கொன்றுவிட்டு அவர்களுடைய மனைவியரையும் மகள்களையும் மணந்தார்கள். தந்தையையும் கணவனையும் பிள்ளையையும் கொன்றவர்களோடு வாழ நேர்ந்ததால், அந்தப் பெண்கள் கணவனோடு ஒன்றாக அமர்ந்து உண்பதில்லை, அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று தங்களுக்குள் ஆணையிட்டுக்கொண்டு, அதைத் தங்கள் மகள்களுக்கும் கையளித்தார்கள். இதைச் சொல்பவர் ஹெரோடோட்டஸ். நம் பாட்டிமார் பெயர் சொல்லாதது மரியாதையால். அந்தப் பெண்கள் சொல்லாதது ஆறாத துயரத்தால். குடியேற்றக் கதைகளில் வீரர்களின் பெயர்களே நிறைந்திருக்க, தோற்றவர்களின் பக்கத்திலிருந்து எட்டும் ஒரே குரல் இதுதான் என்பதால், இந்தப் பகுதியை நான் எப்போதும் விடாமல் சொல்கிறேன்.

அப்படியானால் இவர்கள் தூய ஐயோனியர் என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. ஹெரோடோட்டஸே அப்படிச் சொல்வது அறிவீனம் என்று எழுதுகிறார். யூபியாவின் அபந்தர், ஓர்கோமெனோஸின் மினியர், ஃபோக்கியர், மொலோசியர், எபிதாரஸிலிருந்து வந்த டோரியர் என்று பலரும் அந்தக் குடியேற்றத்தில் கலந்திருந்ததை அவர் வரிசையாகச் சொல்கிறார். மேலே சொன்ன காரியத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டால், குருதியைக் கொண்டு ஐயோனியரை வரையறுக்க இடமே இல்லை. மிலேட்டஸின் புகழ்பெற்ற அறிஞர் தேல்ஸின் தந்தை பெயர் எக்சாமியஸ். அது காரியப் பெயர்.

பிறகு எதை வைத்துத் தங்களை ஒரே மக்கள் என்றார்கள்?

முதலில் விழாவை வைத்து. ஏதென்ஸிலிருந்து வந்தவர்களாய், அப்பதூரியா விழாவைக் கொண்டாடுகிறவர்கள் எல்லாரும் ஐயோனியரே என்பது ஹெரோடோட்டஸ் தரும் இலக்கணம். எபேசஸும் கொலொபோனும் மட்டும் ஏதோ ஒரு கொலைப் பழியின் காரணமாக அதைக் கொண்டாடவில்லை என்றும் அவரே சொல்கிறார்; இருந்தும் அவர்களை யாரும் விலக்கவில்லை. ஏதென்ஸில் இவ்விழா இலையுதிர் காலத்தில் மூன்று நாள் நடந்தது. முதல் நாள் மாலை உறவுக் குழுவினர் கூடி விருந்துண்டார்கள். இரண்டாம் நாள் சீயஸுக்கும் அதீனாவுக்கும் பலியிட்டார்கள். மூன்றாம் நாள் சிறுவர்களின் முடியை மழித்துக் காணிக்கையாக்கி, ‘இவன் முறையான மணத்தில் பிறந்த என் பிள்ளை’ என்று தந்தை ஆணையிட, பிள்ளையைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கோயில். 12 நகரங்களும் மிக்காலே மலைச்சரிவில் போசைடனுக்குப் பொதுக் கோயில் ஒன்று வைத்திருந்தன. அதன் பெயர் பானியோனியம், ‘ஐயோனியர் அனைவருக்கும் உரியது’ என்று பொருள். பலிக்கு இழுத்துச் செல்லப்படும் காளை கதறினால் கடவுள் மகிழ்ந்தார் என்று நம்பினார்கள். கடலின் மறுகரைக்காரர்களையும் சேர்த்து எல்லாரும் கூடிய இடம் டெலோஸ் தீவு. அங்கே நீண்ட ஆடை தரையில் புரள, மனைவி மக்களோடு வந்து குவிந்த ஐயோனியரைப் பார்த்தால் இவர்கள் மூப்பும் சாவும் இல்லாதவர்களோ என்று தோன்றும் என ஒரு பழைய அப்பல்லோ துதிப்பாடல் வியக்கிறது. இலியாதுக் காவியத்தில் ஐயோனியர் ஒரே ஓர் இடத்தில் வருகிறார்கள். அங்கும் அவர்களுக்குத் தரப்படும் அடைமொழி ‘புரளும் ஆடையர்’ என்பதே.

மொழி ஒன்றுதானா?

கிரேக்க மொழியின் ஐயோனிய வழக்கு அவர்களுடையது. ஏதென்ஸின் அட்டிக் வழக்கு அதற்கு மிக நெருங்கிய உறவு. டோரியர் ஆகாரம் ஒலித்த பல இடங்களில் ஐயோனியர் ஏகாரம் ஒலித்தார்கள். கிழக்குக் கரையில் சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலி மறைந்துபோயிற்று. 12 நகரங்களுக்குள்ளேயே நான்கு வகைப் பேச்சு இருந்ததாக ஹெரோடோட்டஸ் குறிக்கிறார்.

உரைநடைக்கு ஐயோனிய வழக்கே முதல் மொழியாக இருந்தது. ஹெரோடோட்டஸ் பிறந்த ஹலிகர்னாசஸ் டோரியர் ஊர், மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த கோஸ் தீவும் அப்படியே. ஆயினும் ஒருவர் வரலாறும், மற்றவர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களும் ஐயோனிய வழக்கில்தான் எழுதப்பட்டன. எழுத்திலும் அவர்கள் கை மேலோங்கியது. ஏதென்ஸ் அரசு கி.மு. 403-இல் தன் பழைய எழுத்தைக் கைவிட்டு ஐயோனிய நெடுங்கணக்கை ஏற்றது. இன்று கிரேக்கப் பள்ளிக் குழந்தைகள் கற்கும் எழுத்து அதன் வழிவந்ததே.

தத்துவம் அங்கே தோன்றியது ஏன்? ஏதென்ஸில் அல்லவா தொடங்கியது?

சாக்ரட்டீசுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மிலேட்டஸில் தொடங்கிவிட்டது. உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்குத் தேல்ஸ் நீர் என்றார். அனாக்சிமாண்டர் எல்லையற்ற ஒன்று என்றார். அனாக்சிமினிஸ் காற்று என்றார். மூவரும் ஒரே ஊர்க்காரர்கள், அடுத்தடுத்த தலைமுறையினர். பின்னவர் முன்னவரை மறுத்துப் பேசினார், அதனால் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதைத்தான் நான் விடைகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன். எபேசஸின் ஹெராக்கிளிட்டஸ், சாமோஸின் பித்தாகரஸ், கொலொபோனின் செனோபனிஸ், கிளாசோமெனாயின் அனாக்சகோரஸ் ஆகியோரும் ஐயோனியரே. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கைகள் இருந்து வரையத் தெரிந்தால், மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும் கடவுளை வரையும் என்றவர் செனோபனிஸ்.

காரணத்தை ஒன்றாகச் சுருக்க முடியாது. மிலேட்டஸ் துறைமுகத்தில் எகிப்து, பினீசியா, பாபிலோன், கருங்கடல் ஆகிய நாடுகளின் கதைகளும் கணக்குகளும் ஒரே சந்தையில் சந்தித்தன. ஒரே இடிமுழக்கத்துக்கு நான்கு நாட்டார் நான்கு கடவுளரைக் காரணம் காட்டுவதைக் கேட்டவனுக்கு ஐயம் பிறப்பது இயல்பு. அதே ஊரின் ஹெக்கட்டேயஸ் தன் நூலை, கிரேக்கர்களின் கதைகள் பலவாகவும் நகைப்புக்கு இடமாகவும் இருப்பதால் தனக்கு மெய்யெனத் தோன்றுவதை எழுதுவதாகச் சொல்லித் தொடங்கினார்.

கட்டடக்கலையில் ‘ஐயோனிய பாணி’ என்கிறார்களே, அதுவும் இவர்களுடையதா?

ஆம். தூணின் தலையில் இருபுறமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட வடிவம் இருந்தால் அது ஐயோனிய பாணி. எபேசஸின் ஆர்த்தெமிஸ் கோயில், சாமோஸின் ஹேரா கோயில், மிலேட்டஸை அடுத்த திதிமாவின் அப்பல்லோ கோயில் ஆகியவை இப்பாணியில் எழுந்த மாபெரும் கட்டடங்கள். எபேசஸ் கோயிலின் தூண்களில் பலவற்றை லிதிய அரசன் குரோசஸ் அளித்தான்; அவன் பெயர் பொறித்த துண்டுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே கோயிலின் அடித்தளத்தில் கிடைத்த, பொன்னும் வெள்ளியும் கலந்த நாணயங்கள் உலகின் மிகப் பழைய நாணயங்களில் சேர்ந்தவை.

கோயில்களைவிட என்னை வியக்கவைப்பது சாமோஸின் குடிநீர்ச் சுரங்கம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், மலையின் ஒருபுறத்து ஊற்றிலிருந்து மறுபுறத்து ஊருக்கு நீர் கொண்டுவர, 1,036 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தார்கள். இரண்டு குழுக்கள் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் உளியும் சுத்தியும் கொண்டு தொடங்கி, மலைக்கு நடுவே சந்தித்தன. சந்திப்பை நெருங்கும் இடத்தில், ஒருவரை ஒருவர் தவறவிடாமல் இருக்கச் சுரங்கம் வேண்டுமென்றே வளைந்து செல்கிறது. கணக்கிட்டு நடத்தியவர் யூபலினோஸ். அவர் மெகாரா ஊர்க்காரர், அதாவது டோரியர்.

கப்பலோட்டுவதில் இவர்கள் பெரியவர்களா?

மிலேட்டஸ் கருங்கடலைச் சுற்றிலும் சினோப்பே, ஓல்பியா, பந்திக்கப்பேயம் எனக் குடியேற்றங்களை நிறுவியது. போக்கையா மேற்கே போயிற்று. பிரான்சின் மார்சேய் நகரம் கி.மு. 600-ஐ ஒட்டி அவர்கள் நிறுவிய மசாலியாதான். எகிப்தின் நௌக்ராத்திஸ் துறையிலும் ஐயோனியர் வணிகம் செய்தார்கள். அபு சிம்பெலில் இருக்கும் இரமேசஸ் சிலையின் காலில், கூலிப்படையாகச் சென்ற தியோஸ், கொலொபோன் ஊர்க்காரர்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் பெயர்களைக் கீறிவைத்தது இன்றும் தெரிகிறது.

போக்கையரின் முடிவு உருக்கமானது. பாரசீகப் படை ஊரை வளைத்தபோது அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் கோயில் சிலைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். பெரிய இரும்புக் கட்டி ஒன்றைக் கடலில் போட்டு, இது மிதந்து வரும்வரை திரும்புவதில்லை என்று ஆணையிட்டார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் ஏக்கம் தாளாமல் ஆணையை மீறித் திரும்பிவிட்டார்கள். எஞ்சியவர்கள் கோர்சிக்காவில் தங்கிப் போரிட்டுத் தளர்ந்து, கடைசியில் தென் இத்தாலியில் எலேயா என்ற ஊரை அமைத்தார்கள்.

இவ்வளவு திறமை இருந்தும் பாரசீகரிடம் ஏன் அடங்கிப்போனார்கள்?

12 நகரங்களும் ஒன்றாகப் பலியிட்டன; ஒன்றாக ஆளவில்லை. தியோஸ் ஐயோனியாவின் நடுவில் இருப்பதால் அங்கே பொது மன்றம் அமைக்கலாம் என்று தேல்ஸ் அறிவுரை சொன்னார். எல்லாரும் கப்பலேறிச் சார்தினியா தீவுக்குப் போய் ஒரே நகரமாக வாழலாம் என்றார் பிரியேனேயின் பியாஸ். இரண்டையும் யாரும் ஏற்கவில்லை. முதலில் லிதியருக்கு வரி கட்டினார்கள். பின்பு பாரசீகப் பேரரசன் சைரஸ் லிதியாவை வென்றதும், தூதனுப்பிச் சலுகை கேட்டார்கள். முன்பு தன் பக்கம் வரும்படி அழைத்தபோது மறுத்தவர்கள் என்பதால் சைரஸ் ஒரு கதை சொன்னான்: குழலூதி மீன்களை அழைத்தவன், அவை வராததால் வலை வீசினான், வலைக்குள் துள்ளிய மீன்களைப் பார்த்து, ‘ஊதியபோது ஆட வராதவர்கள் இப்போது ஆட வேண்டாம்’ என்றானாம்.

கி.மு. 499-இல் மிலேட்டஸின் அரிஸ்டகோரஸ் தலைமையில் கிளர்ச்சி தொடங்கியது. ஏதென்ஸ் 20 கப்பல்களும் எரெட்ரியா 5 கப்பல்களும் அனுப்பின. மறு ஆண்டு, லிதியாவின் பழைய தலைநகரான சார்திஸ் எரிந்தது. முடிவு கி.மு. 494-இல் லாதே தீவருகே வந்தது. அங்கே திரண்ட 353 போர்க்கப்பல்களில் கியோஸ் 100, மிலேட்டஸ் 80, அண்டையிலிருந்த லெஸ்போஸின் ஏயோலியர் 70, சாமோஸ் 60 கொண்டுவந்தன. முன்பு கடலை ஆண்ட போக்கையாவால் மூன்றே கப்பல்கள் கொண்டுவர முடிந்தது. அந்த மூன்றின் தலைவரான டயோனிசியஸ் பயிற்சிக்குப் பொறுப்பேற்று, நாள் முழுதும் வெயிலில் துடுப்புப் போடவைத்தார். ஏழு நாள் பொறுத்தார்கள். எட்டாம் நாள், மூன்று கப்பல்காரனுக்கு நாம் ஏன் அடிமைப்பட வேண்டும் என்று கரையேறி, கூடாரமடித்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதைக் கண்ட சாமோஸ் தலைவர்கள் நம்பிக்கை இழந்து பாரசீகரோடு இரகசியமாகப் பேசி முடித்தார்கள். போர் தொடங்கியதும் அவர்களுடைய 60 கப்பல்களில் 49 பாய் விரித்து ஊர் திரும்பின. விலக மறுத்து நின்று போரிட்ட 11 கப்பல் தலைவர்களின் பெயர்களைச் சாமோஸ் மக்கள் பிற்பாடு கல்லில் பொறித்தார்கள். கியோஸ்காரர்கள் கடைசிவரை போரிட்டார்கள்.

மிலேட்டஸ் வீழ்ந்தது, உயிர்பிழைத்தவர்கள் தைகிரிஸ் ஆற்று முகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிரினிக்கஸ் இதை நாடகமாக்கி ஏதென்ஸில் அரங்கேற்றியபோது அவையே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதிக்கப்பட்டது.

ஏதென்ஸ் அவ்வளவு அழுததென்றால், பிறகு அதே ஐயோனியரை அடக்கி ஆண்டது ஏன்?

உறவு உண்மை, ஆதிக்கமும் உண்மை. ஐயோனியாவின் மூத்த நிலம் ஏதென்ஸ் என்று அந்நகரின் சட்டமியற்றிய கவிஞர் சோலோன் முன்பே பாடியிருந்தார். கி.மு. 479-இல் மிக்காலேயில் பாரசீகர் தோற்றபின், காப்புக்காக ஏதென்ஸ் தலைமையில் கூட்டணி அமைந்தது. அதன் கருவூலம் டெலோஸில் இருந்தது. கி.மு. 454-இல் கருவூலம் ஏதென்ஸுக்கு மாறியது. கூட்டாளிகள் செலுத்திய பணம் கப்பமாயிற்று. விலக முயன்ற சாமோஸைக் கி.மு. 440-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிகிளிஸ் முற்றுகையிட, ஒன்பதாம் மாதத்தில் அது சரணடைந்தது.

பெரிகிளிஸ் வீட்டுக்குள்ளேயே இதன் சிக்கலைக் காணலாம். அவர் துணைவி அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்தவர்; கதைப்படி அது ஏதென்ஸின் மகள்நகரம். ஆனால் தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451-இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரிகிளிஸே. முதல் மனைவியின் மக்கள் இருவரும் கொள்ளைநோயில் இறந்தபின், அஸ்பாசியாவின் மகனுக்கு விலக்களிக்கும்படி அவர் மக்கள் மன்றத்திடம் வேண்ட நேர்ந்தது.

தங்களை ஐயோனியர் என்று சொல்லவே வெட்கப்பட்டார்களாமே?

ஹெரோடோட்டஸ் அப்படி எழுதுகிறார்: ஏதென்ஸ்காரர்கள் அந்தப் பெயரைத் தவிர்த்தார்கள், மற்றவர்களிலும் பலர் அதை வெட்கமாகக் கருதினார்கள், 12 நகரத்தார் மட்டுமே பெருமை கொண்டார்கள். முதலில் லிதியருக்கும் பிறகு பாரசீகருக்கும் அடங்கியவர்கள், நீண்ட ஆடையும் சொகுசும் உடையவர்கள், போருக்கு உதவாதவர்கள் என்ற பேச்சு கிரேக்கர்களிடையே பரவியிருந்தது. இது நேர்மையான தீர்ப்பு அன்று. ஏதென்ஸுக்கு முன்பே, பேரரசை எதிர்த்து ஆறு ஆண்டு போரிட்டவர்கள் அவர்கள்.

சரி, யவனர் என்றால் ஐயோனியரா?

சொல் அதுவே. ‘இயவொனெஸ்’ என்பது பழைய வடிவம். கிரேக்க மொழி தன் வகர ஒலியை இழந்தபோது அது ‘இயாஒனெஸ்’ ஆகி, பின்பு ‘இயோனெஸ்’ என்று குறுகியது. ஆனால் கிழக்கு நாட்டார் முதலில் சந்தித்த கிரேக்கர்கள் ஐயோனியர் என்பதால், அந்தப் பெயரே கிரேக்கர் அனைவருக்கும் பெயராயிற்று. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு அசீரிய ஆவணங்களிலும், பேரரசன் டேரியஸின் கல்வெட்டில் ‘யவுன’ என்றும், ஆதியாகமத்தில் யாவான் என்றும், அசோகர் கல்வெட்டில் ‘யோன’ என்றும், வடமொழியில் யவனர் என்றும் அது வழங்கியது. நோசஸ் களிமண் ஏட்டில் கண்ட வகரத்தின் சுவடு கிரேக்கர்களின் வாயிலிருந்து மறைந்த பிறகும் தமிழ் யவனரில் ஒலிக்கிறது. துருக்கியர் இன்றும் கிரேக்க நாட்டை யூனானிஸ்தான் என்கிறார்கள்; யூனானி மருத்துவத்தின் பெயரும் இதிலிருந்தே வந்தது.

அப்படியென்றால் முசிறிக்கு வந்து மிளகு வாங்கியவர்கள் ஐயோனியர்கள் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. சொல் ஒன்று, ஆள் வேறு. அசோகர் ‘யோன அரசன்’ என்று குறிக்கும் அந்தியோக்கஸே மாசிதோனிய வழியினன். ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறியைப் பாடும் காலத்தில் கப்பல்கள் உரோமர் ஆண்ட எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து வந்தன. வணிகரில் பலர் கிரேக்க மொழி பேசினார்கள். முசிறி வணிகத்துக்காக எகிப்தில் எழுதப்பட்ட கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் கிரேக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மிலேட்டஸ் பாரசீகரிடம் வீழ்ந்து அப்போது ஆறு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. ‘கிரேக்க மொழி பேசிய மேற்கு வணிகர்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஐயோனியர் என்று இன்று யாராவது இருக்கிறார்களா? போனால் என்ன பார்க்கலாம்?

கி.மு. 334-இல் அலெக்சாந்தர் அக்கரையைக் கைப்பற்றிய பிறகு பொதுக் கிரேக்க மொழி பரவி, தனி வழக்கு மெல்ல மறைந்தது. கிரேக்க மொழி பேசுவோர் மட்டும் அங்கே 20-ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தார்கள். 1922 போரும் 1923 மக்கள் பரிமாற்றமும் அவர்களை அகதிகளாகக் கிரேக்க நாட்டுக்கு அனுப்பின. ஏதென்ஸில் அவர்கள் குடியேறிய ஒரு பகுதிக்கு நெயா இயோனியா, புதிய ஐயோனியா, என்று பெயர்.

இன்றைய துருக்கியில் எபேசஸ், பிரியேனே, மிலேட்டஸ், திதிமா நான்கையும் பார்க்கலாம். பிரியேனேயிலும் மிலேட்டஸிலும் கடலைத் தேடாதீர்கள். மியாந்தர் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டி விரிகுடாவையே மூடிவிட்டது. மியூஸ் ஊரின் வளைகுடா ஏரியாகி, கொசுத் தொல்லை தாங்காமல் மக்கள் தெய்வச் சிலைகளோடு மிலேட்டஸுக்குப் பெயர்ந்தார்கள் என்று பழங்காலக் கிரேக்கப் பயண நூலாசிரியர் பவுசானியஸ் எழுதியிருக்கிறார். மிலேட்டஸும் பின்னாளில் கரையை இழந்தது. அதன் அரங்கின் மேற்படியில் நின்று மேற்கே பார்த்தால், சமவெளியில் பருத்தி வயல்களுக்கு நடுவே ஒரு சிறு குன்று தெரியும். 353 கப்பல்கள் அணிவகுத்த லாதே தீவு அதுதான்.